தங்க நிற இன்ஜினும் பச்சைச் சாயமும்

பழைய காடி ஒன்றைத் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே திருப்பிக் கொண்டுவருவது மரியாதையா, பொய்யா? சாயம் அடிக்கிறதுல என்னடா பொய் இருக்கு என்று என் கூடப் படிக்கிறவன் சிரித்தான். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் கேளுங்கள்.

செமஸ்டர் விடுமுறையில் மாமாவின் பட்டறைக்கு உதவப் போவேன். இப்போது அங்கே நிற்பது ஒரு மோரிஸ் மைனர் 1000. நம் தாத்தா காலத்தில் வாத்தியார், டாக்டர், தோட்டத்துக் கிராணி என்று கொஞ்சம் வசதி வந்தவர்கள் ஓட்டிய காடி. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. 1948-இல் இங்கிலாந்தில் தயாரிக்கத் தொடங்கி 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எங்களிடம் இருப்பதில் 948 சிசி இன்ஜின்; 1962-இல்தான் அது 1098 ஆனது.

காடிக்காரர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "எங்கப்பா வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, பானட்டைத் திறந்தா அப்படியே இருக்கணும் தம்பி." அவர் அப்பா கிராணியாக இருந்தவர். மகன் கேட்பது நியாயமான ஆசைதான். அதனால் எல்லாம் பார்த்தோம்: எஸ்யூ கார்புரேட்டர், லூகாஸ் டைனமோ, ஹோஸ் கிளிப்பின் வடிவம், இன்ஜினுக்கு அந்தக் காலத்துப் பச்சை.

இன்ஜினைச் சுரண்டியபோதுதான் சிக்கல் வந்தது. மேலே யாரோ ஒரு ஃபோர்மன் அடித்த கறுப்பு. அதற்குக் கீழே பச்சை இல்லை, தங்க நிறம்.

மாமாவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் பிஎம்சி கம்பெனி, தேய்ந்துபோன இன்ஜினை வாங்கிக்கொண்டு புதுப்பித்த இன்ஜினை மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பெயர் 'கோல்ட் சீல்'. அதைத் தங்க நிறத்தில்தான் அடித்து அனுப்பினார்கள். அதாவது, இது காடியோடு பிறந்த இன்ஜின் இல்லை, பிறகு வந்தது என்பதைத் தூரத்தில் நின்றே சொல்லும் நிறம். கிராணி ஐயா எப்போதோ ஒருநாள் சம்பளத்தைச் சேர்த்துவைத்து இந்த இன்ஜினை மாற்றியிருக்கிறார். மகனுக்கு அது தெரியாது.

இப்போது பச்சை அடித்தால் காடி 'சரியாக' இருக்கும். ஆனால் அப்பா செய்த செலவு மறைந்துவிடும். தங்கம் அடித்தால் உண்மை இருக்கும், மகன் கேட்ட அந்த முதல் நாள் இருக்காது. எது சரி? எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், 'ஒரிஜினல்' என்ற வார்த்தைக்குள்ளேயே இரண்டு ஆசைகள் சண்டை போடுகின்றன. ஒன்று, அந்த ஒரு நாளை மீட்க வேண்டும் என்பது. மற்றது, நடந்ததை நடந்தபடி காப்பாற்ற வேண்டும் என்பது. இரண்டையும் ஒரே சொல்லால் கூப்பிடுவதால்தான் குழம்புகிறோம்.

அமெரிக்காவில் கார்வெட் பிரியர்கள் இதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். 1974-இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம் ஒன்று, காடி தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்திருக்குமோ அதை வைத்து மதிப்பெண் போடுகிறது. அதற்காகத் தொழிலாளி சாக்கட்டியால் கிறுக்கிய அடையாளத்தைக்கூட மறுபடி வரைகிறவர்கள் உண்டு. எனக்கு இது உறுத்துகிறது. அந்தக் கோடு அலங்காரம் இல்லை. 'இந்த போல்ட்டை நான் முறுக்கிப் பார்த்துவிட்டேன்' என்று ஒரு மனிதன் கொடுத்த வாக்கு. அவன் பார்க்காத போல்ட்டில் அவன் வாக்கை நான் எப்படி எழுதுவது? முறுக்கிப் பார்த்துவிட்டு என் கோட்டை நான் போட்டால் சரி. ஆனால் அது மதிப்பெண்ணுக்கு உதவாது.

பச்சை விஷயத்தில் நான் அவ்வளவு கறாராக இல்லை. பார்க்கிற யாரும் அறுபது வருஷப் பழைய காடியில் பளபளப்பது புதுச் சாயம் என்று அறிவார்கள். யாரும் ஏமாறவில்லை. நாங்கள் தங்க நிறத்தைப் பல கோணங்களில் படம் எடுத்துக் காடிக்காரரிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "அப்பா சொல்லவே இல்லையே" என்றார். அப்புறம் பச்சையே அடிக்கச் சொன்னார். படங்களை ஃபைலில் போட்டுக் காடியோடு கொடுக்கப் போகிறோம்.

நம்பர் பிளேட் விஷயம் வேறு. நான் சொல்வது இன்ஜின் நம்பர். மைனரில் அது பிளாக்கில் ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகடு, அவ்வளவுதான். காடிக்காரரிடம் அப்பாவின் பழைய பதிவுப் புத்தகம் இருக்கிறது; அதில் முதல் இன்ஜினின் எண் இருக்கிறது. அந்த எண்ணில் ஒரு தகடு அடித்து மாட்ட முடியுமா என்று கேட்டார். மாமா யோசிக்கவே இல்லை. "அது மட்டும் கேக்காதீங்க அண்ணே." இப்போதைய கிரான்ட்டில் இருக்கும் எண்ணும் இன்ஜினில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும், ஜேபிஜே விடாது என்பது சட்டக் காரணம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் மறுப்பேன். சாயம் 'இப்படி இருந்தது' என்று காட்டுகிறது. தகடு 'இதுதான் அது' என்று சாட்சி சொல்கிறது. நாளைக்கு இந்தக் காடியை வாங்குகிறவன் அந்தச் சாட்சியை நம்பிக் காசு கொடுப்பான்.

மறைப்பதில் இன்னொரு வகை உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய மைனர் பாசிட்டிவ் எர்த். பெட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் மாட்டும். டைனமோவின் கூட்டைப் போலவே செய்து உள்ளே ஆல்டர்னேட்டர் வைத்த சாமான் இப்போது கிடைக்கிறது. பார்த்தால் அசல் டைனமோதான். காடிக்காரர் அதைத்தான் வாங்கி வந்திருக்கிறார், மழையில் லைட்டும் வைப்பரும் சேர்த்துப் போட்டால் தாங்க வேண்டுமே என்று. நல்ல யோசனைதான். ஆனால் அதற்காக முழு வயரிங்கையும் நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறோம். பத்து வருஷம் கழித்து ஒரு ஃபோர்மன் பானட்டைத் திறந்து, டைனமோவைப் பார்த்து, பழைய முறைப்படி பெட்டரியைத் திருப்பி மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே கருகும். வயரும் எரியலாம். அவன் திறமையான ஆளாக இருந்தால்தான் இந்தத் தப்பு நடக்கும், அதுதான் கொடுமை.

பெட்டரி பக்கத்தில் 'நெகட்டிவ் எர்த்' என்று சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம் என்றேன். "கண்காட்சியில மார்க் போயிடுமே தம்பி" என்கிறார் காடிக்காரர். பெட்டரி மூடியின் உள்பக்கம் ஒட்டலாமா என்று மாமா கேட்கிறார். மூடியைத் திறக்காமலே வயரை மாட்டலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் வயரிங் முடிகிறது, பேச்சு இன்னும் முடியவில்லை.