கேட்க ஆளில்லாத கடிகாரம்

மண்டகப்பட்டுக் குடைவரையின் முகப்பில் துவாரபாலகர் இருவர். உள்ளே மூன்று கருவறைகள், வெறுமையாக. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி இதைச் செய்வித்ததாக விசித்திரசித்தன் என்னும் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்திருக்கிறான். ஆண்டைப் பொறிக்கவில்லை. 7-ஆம் நூற்றாண்டு என்பது பின்னால் வந்தவர்கள் கணித்தது.

பெயர் இருந்து ஆண்டு இல்லாத அந்தக் கல், காலம் எங்கே இருக்கிறது என்று கேட்க வைக்கிறது. கடிகாரத்திலா, அதை அறிபவரிடமா?

இதே கேள்வி நகத்தளவுச் சில்லு ஒன்றிலும் இருக்கிறது. ராஸ்ப்பெரி பை 4 கணினிக்குள் மின்சாரம் போனபின்னும் ஓடும் கடிகாரம் கிடையாது. டிஎஸ்3231 சில்லைத் தனியே பொருத்துவார்கள். அதிலுள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். கரண்ட் போனால் பொத்தான் பேட்டரி தாங்கிக்கொள்ளும். இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் சில்லைப் படிக்கும் டிரைவர் ஏறாமல், இணையமும் இல்லாமல் போனால், கணினி பழைய தேதியில்தான் விழிக்கும். சில கருவிகள் 1970 ஜனவரி 1 என்றே காட்டும். சில்லோ பிசகாமல் துடித்துக்கொண்டிருக்கும். கேட்கத்தான் ஆளில்லை.

இந்தக் கேள்விக்குப் பழைய மெய்யியலாரும் விடை சொன்னார்கள். வைசேஷிக மெய்யியலார் காலத்தைத் தனிப்பொருள் என்றனர். யார் அறிந்தாலும் அறியாவிட்டாலும் அது உண்டு. சைவ சித்தாந்தம் அதை 36 தத்துவங்களுள் ஒன்றாக, அறிவற்ற சடமாக வைத்தது. உயிரோடு சேர்ந்துதான் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று அது அனுபவத்தை அளக்கிறது. சில்லின் கதைக்கு இதுவே நெருக்கம்.

அமைப்புக் கோப்பில் டிரைவருக்கான வரியைச் சேர்த்து மீண்டும் இயக்கினால், விட்டுப்போன நாட்களெல்லாம் ஒரே நொடியில் கணினிக்கு வந்துசேர்கின்றன.