பற்றும் தீயும்

2022, பொங்கல் வாரம். போகிக்காகப் பழைய பாய், கிழிந்த முறம், கால் உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் வாசலில் குவித்திருந்தேன். நான் தீக்குச்சி உரசத் தேவையே இல்லாமல் போயிற்று. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், எங்கள் பைராம் தோட்டத்தை அடுத்த பூலாவ் பூரோங் குப்பைமேடு பற்றி எரியத் தொடங்கியிருந்தது.

புகை வாரக்கணக்கில் நின்றது. குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறின. பள்ளிக்கூடம் மூடப்பட்டது. குப்பைமேட்டுத் தீ அடுப்புத் தீ மாதிரி அல்ல. உள்ளே மக்கும் கழிவு மீத்தேன் வாயுவை விடுகிறது. நெருப்பு அடியிலேயே ஊர்ந்து போகிறது. மேலே பீய்ச்சும் தண்ணீர் அதை எட்டுவதில்லை. கிளறி நனைத்து, மண் போட்டு மூச்சை அடைத்தால்தான் அடங்கும்.

பினாங்குத் தீவும் செபராங் பிறையும் கழித்த பாயும் நாற்காலியும்தான் அந்த மேடு. ஊரே சேர்ந்து அடுக்கி வைத்த போகி அது. அப்போதுதான் இந்தக் கேள்வி வந்தது: எரித்துவிட்டால் ஒன்றைத் துறந்ததாகுமா?

நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் யோசிக்கத் தெரியும். ஆசைக்கும் 'பற்று' என்கிறோம், நெருப்பு பிடித்தாலும் 'பற்றியது' என்கிறோம். பாலி மொழியில் 'உபாதானம்' என்ற சொல்லுக்கும் விறகு, பற்று என இரண்டு பொருளும் உண்டு. மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசிக்கும் பௌத்தத்தின் பன்னிரு சார்புகளில் அது பற்று என்றே வருகிறது. நிர்வாணம் என்றால் அணைதல். விறகு தீர்ந்தால் தீ தானே அவியும். யாரும் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வள்ளுவரும் 435ஆம் குறளில், வருமுன் காக்காதவன் வாழ்வை நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போருக்கு ஒப்பிடுகிறார். அவர் நெருப்பைக் குறை சொல்லவில்லை. அந்தக் குறள் இருப்பதே தன் குற்றத்தைத் தானே களையச் சொல்லும் குற்றங்கடிதல் அதிகாரத்தில்.

நாம் நெருப்பைத் தெய்வம் என்று கும்பிடுகிறவர்கள். ஹோமத்தில்கூட அதற்கு அளந்துதான் கொடுக்கிறோம்: இத்தனை சமித்து, இத்தனை கரண்டி நெய். அளவில்லாமல் குவித்துக் கொடுப்பதற்குப் பூஜை என்று பெயரில்லை.

அதனால் இப்போதெல்லாம், மழை குறையும் ஜனவரி முதல் மார்ச் வரை, தினமும் காலையில் வீட்டைச் சுற்றிலும் அம்மன் கோயிலைச் சுற்றிலும் காய்ந்த லாலாங் புல்லை அரிகிறேன். விழுந்த செம்பனை மட்டைகளை இழுத்துக்கொண்டு போய், வீடுகளுக்கு எட்டத்தில், மர நிரைகளுக்கு நடுவே மக்கப் போடுகிறேன். கொளுத்துவதில்லை, திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம்.

"வாத்தியாரே, காத்தடிச்சா நாளைக்கும் விழுமே?" என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன்.

"விழும்ப்பா. நாளைக்கும் கூட்டுவேன்."

துறவு என்றால் ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காட்டுக்குப் போவது என்று நினைத்திருந்தேன். அது தினமும் சருகு கூட்டுகிற வேலை.

சென்ற போகிக்கு நான் எதையும் எரிக்கவில்லை. எரிக்கிற அளவுக்கு வீட்டில் எதுவும் சேரவில்லை.