கணவருக்கொன்று, மனைவிக்கொன்று: இரட்டைக் காப்பீடு தகுமா?

கணவரும் மனைவியும் ஆளுக்கொரு வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்திலும் பெருகிவிட்டன. கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறார்; மனைவி ஆவடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார்; பூந்தமல்லியில் வயதான பெற்றோருடன் குடித்தனம். இரண்டு நிறுவனங்களும் மருத்துவக் காப்பீடு தருகின்றன. கொஞ்சம் பணம் கட்டினால் அவருடைய பாலிசியில் மனைவியையும், மனைவியின் பாலிசியில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கலாமா? ஒன்று போதாதா? இரண்டு வைத்துக்கொள்வது பேராசையா, முன்யோசனையா?

காப்பீடு தேடுவதே தவக்குலுக்கு மாறானது என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்கும்படி போதித்த மார்க்கம் நம்முடையது. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்ற உமர் (ரலி) அவர்கள் படையோடு வழியிலேயே திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். ஆகவே, எச்சரிக்கை ஈமானுக்குப் பகையன்று.

ஆனால், எச்சரிக்கைக்காகச் செய்யும் ஒப்பந்தம் ஆகுமானதா என்பது வேறு கேள்வி. 1985-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிக நோக்கிலான காப்பீட்டில் நிச்சயமின்மை பெரிதும் கலந்திருப்பதால் அது கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறைக் காப்பீடு ஆகுமென்றும் தீர்மானித்தது. மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உண்டு. சட்டம் கட்டாயமாக்கியதற்கும் நாமே தேடிச்சென்று வாங்குவதற்கும் வேறுபாடு காணும் உலமாக்களும் இருக்கிறார்கள். தனியாரிடம் பாலிசி வாங்க நினைப்பவர் தம் பகுதி ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்வதே முறை. இரண்டாவது பாலிசி வாங்குமுன் இந்தக் கேள்வியும் இரண்டாம் முறை எழுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, எது இரட்டை, எது இரட்டையல்ல என்று பார்ப்போம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதமாகவும், முதலாளியின் பங்கு 3.25 சதவிகிதமாகவும் குறைக்கப்பட்டன. வரம்புக்குள் சம்பளம் வாங்கும் தம்பதிகள் இருவருக்குமே பிடித்தம் உண்டு. ‘ஒரே அயனாவரம் ஆஸ்பத்திரிக்கு எதற்கு இரண்டு பிடித்தம்?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஈ.எஸ்.ஐ. சிகிச்சை மட்டுமன்று. நோயுற்று வேலைக்குப் போக இயலாதவருக்கு ஆண்டில் 91 நாட்கள்வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கிறது. பெண் தொழிலாளிக்கு 26 வாரப் பேறுகாலப் பயன் உண்டு. அவரவர் உழைப்புக்கு அவரவர் பெறும் உரிமை இது. இதில் இரட்டிப்பு எதுவும் இல்லை.

உண்மையான இரட்டிப்பு, ஒரே ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டு பாலிசிகள் இருப்பதுதான். இங்கேதான் நாணயம் சோதிக்கப்படுகிறது. சிகிச்சைச் செலவுக்கான காப்பீடு நஷ்டத்தை ஈடுசெய்வதற்காக ஏற்பட்டது; இலாபம் ஈட்டுவதற்காக அன்று. 1,40,000 ரூபாய் செலவாகி, முதல் பாலிசி 1,00,000 தந்தால், மீதி 40,000-ஐ இரண்டாவதில் கேட்கலாம். எந்தப் பாலிசியில் முதலில் கேட்பது என்பதும் நம் விருப்பமே. 2016-ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை விதிகளும் இவ்வாறே வகுத்தன. ஆனால் ஒரே பில்லை இரண்டு இடங்களில் காட்டி முழுத் தொகையையும் இருமுறை பெறுவது மோசடி. முன்பே வாங்கியதை மறைப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

‘கம்பெனியின் பணம்தானே!’ என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நம்மைப் போலவே மாதாமாதம் சேமித்துக் கட்டியவர்களிடமிருந்துதான். அதில் ஒரு லேத் பட்டறைக்காரரின் பங்கும் இருக்கலாம்; ஒரு விதவைத் தாயின் பங்கும் இருக்கலாம். ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, ஏமாறுவது தனிமனிதரா நிறுவனமா என்று பிரித்துப் பார்க்க இடமேது?

அப்படியானால் இரண்டாவது தேவையே இல்லையா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லவும் முடியாது. நிறுவனம் தரும் பாலிசி வேலையோடு வருவது. வேலை போனால் அதுவும் போய்விடும். கணவர் வேலையிழந்த மாதத்திலேயே நோய் வரலாம். அப்போது மனைவியின் பாலிசியில் அவர் பெயர் இருப்பது பெரும் உதவி. இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தாலோ இந்தப் பயனும் இல்லை; இரண்டும் ஒன்றாகவே போய்விடக்கூடும். எனவே, நிறுவனமே முழுச் செலவையும் ஏற்பதானால் பெயரைச் சேர்த்துக்கொள்வது விவேகம். கைப்பணம் கட்ட வேண்டுமானால், ஒரு பாலிசியின் தொகை போதுமா, வேலை எவ்வளவு உறுதியானது என்று கணக்குப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனைவியின் சம்பளம் மனைவிக்கே உரியது. ‘உன் சம்பளத்தில் என் பெயரையும் சேர்’ என்று கணவர் கட்டாயப்படுத்த மார்க்கம் உரிமை தரவில்லை. அவர் மனமுவந்து செய்தால் அது நன்கொடை. அதற்குரிய நன்றி கணவரிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, தம்பதிகள் இருவருக்கும் இரண்டு குடைகள் இருக்க, அதே வீட்டில் இருக்கும் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு குடையேனும் இருக்கிறதா? அஷ்அரி குலத்தார் உணவு குறைந்தபோது, இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள். இரண்டாவது பிரிமியத்துக்கு ஒதுக்கும் பணம், காப்பு இல்லாத பெற்றோரின் சிகிச்சைக்கு முதலில் போகட்டும். எஞ்சியிருந்தால் நமக்கு இரண்டாவதைப் பற்றி யோசிப்போம்.

நோயைத் தருபவனும் நிவாரணம் தருபவனுமாகிய வல்ல அல்லாஹ், எச்சரிக்கையோடு நாணயத்தையும் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.