செலவில்லாத யானை

செலவில்லாமல் செய்த காரியம் எல்லாம் நல்ல காரியம் என்று நம்மில் பலருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கொல்லையில் காய்த்த வாழைக்காய்க்குக் கடை வாழைக்காயைவிட ருசி அதிகம் என்கிறோம். பழைய புடவையில் தைத்த திரைச் சீலையைக் காட்டி, "ஒரு காசு செலவில்லை, தெரியுமா?" என்று வந்தவர்களிடம் பெருமைப்படுகிறோம். நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன்தான். இரண்டு மாதங்களுக்கு முன்பு வரையில் அதில் எனக்கு அசைக்க முடியாத பிடிப்பு இருந்தது. அதை அசைத்தது ஒரு பிஸ்கட்.

திருச்சியில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு, பிறந்த நாள், வளைகாப்பு போன்ற விசேஷங்களுக்குக் கொடுத்து வருகிறாள். அன்றைக்கு ஒரு குழந்தையின் முதல் பிறந்த நாளுக்காக நூறு பிஸ்கட் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி யானை இருக்க வேண்டும்.

இந்த மாதிரி வேலைக்கென்று இப்போது எத்தனையோ கருவிகள் வந்திருக்கின்றன. வண்ணத்தைக் காற்றோடு பீய்ச்சும் சிறு துப்பாக்கி ஒன்று. படத்தை ஒளியால் பிஸ்கட்டின் மேல் விழச் செய்யும் யந்திரம் ஒன்று. கம்ப்யூட்டரில் போட்ட படத்தை அப்படியே தகட்டில் வெட்டித் தரும் யந்திரம் இன்னொன்று. எல்லாவற்றையும் வாங்கினால் தங்கையின் பல மாத வருமானம் போய்விடும். அவளிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய மிட்டாய் டப்பாவின் பிளாஸ்டிக் மூடி, ஒரு பிளேடு, ஒரு குண்டூசி, காபிக் கடையில் தயிர் சாதம் சாப்பிடக் கொடுத்த தட்டைக் கரண்டி ஒன்று.

மூடியில் யானையை வரைந்து வெட்டி எடுத்திருந்தாள். ஸ்டென்சில் என்று சொல்கிறோமே, அதுதான். முட்டை வெள்ளைத் தூளும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்த பசையைப் பிஸ்கட்டின் மேல் பூசி, ஓர் இரவு முழுவதும் காய விட்டிருந்தாள். அதன் மேல் தகட்டை வைத்து, சாம்பல் நிறம் கலந்த இன்னொரு பசையைக் கரண்டியால் ஒரே பக்கமாக வழித்தாள். இந்த இரண்டாவது பசை கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்திருந்தால் தகட்டுக்கு அடியில் ஓடி, யானைக்கு யானைக்கால் வந்துவிடும். பிறகு தகட்டை நேர் மேலாகத் தூக்கினாள். துதிக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு யானை நின்றது.

"பிரமாதம்! ஒரு பைசா செலவில்லாமல் செய்துவிட்டாயே!" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "செலவில்லைன்னு யாரண்ணா சொன்னது? ரெண்டு நாளா ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து வெட்டியிருக்கேன். அது கணக்கிலே சேராதா?"

அவள் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த பிஸ்கட்டை எடுத்துக் கொண்டாள். எனக்குத்தான் கையில் இருந்த காபி ஆறிப் போயிற்று.

மூடியைப் பார்த்தால் காசு தெரியும். பிளேடைப் பார்த்தால் காசு தெரியும். ராத்திரி ஒரு மணி தெரிவதில்லை. நம் வீடுகளில் "செலவில்லாமல்" நடந்த காரியங்களையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வடகமும் அப்பளமும் ஊறுகாயும், கிழிந்த சட்டைக்குப் போட்ட தையலும், பழைய நோட்டில் எழுதாத பக்கங்களைச் சேர்த்துத் தைத்த புது நோட்டும் சும்மா வந்துவிடவில்லை. ரூபாயால் கொடுக்க வேண்டியதை யாரோ ஒருவர் மணிக்கணக்கால் கொடுத்திருக்கிறார். அந்த ஒருவர் பெரும்பாலும் நாம் அல்ல. நம் அம்மா, நம் மனைவி, நம் தங்கை. சிக்கனத்தின் புகழ் குடும்பத்துக்கு வருகிறது. அதன் விலையை ஒருத்தி கொடுக்கிறாள்.

அப்படியானால் விலையுயர்ந்த யந்திரத்தை வாங்கிவிடுவதுதான் தர்மமா? அதையும் என்னால் சட்டென்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் தாயார் காலமாவதற்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது. கோயில் திருவிழாக் கடையில் கோலக் குழல் விற்றார்கள். சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட குழல் அது. உள்ளே மாவைப் போட்டு வாசலில் உருட்டிக்கொண்டே போனால் பூவும் கொடியுமாக விழும். தங்கை ஆசையாக ஒன்று வாங்கி வந்தாள். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வாசலுக்குக் கோலம் போடறதா, ரோடு போடறதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தக் குழல் பரணுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு ஓட்டை போட்ட தகடு குறுக்கு வழியாக இருந்தது. இன்றைக்கு அதே ஓட்டை போட்ட தகட்டைப் பார்த்து, "ஆகா, கைவேலை!" என்று நான் கொண்டாடுகிறேன். நடுவில் அதைவிடப் பெரிய யந்திரம் ஒன்று வந்துவிட்டது, அவ்வளவுதான். நாளைக்கு இன்னொன்று வந்தால், இன்றைய யந்திரமும் கைவேலையாகிவிடும். கைக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள கோடு இப்படி நகர்ந்துகொண்டே இருக்குமானால், தர்மத்தை அந்தக் கோட்டின் மேல் நிறுத்த முடியாது.

உண்மையில் மனிதனின் மிகப் பழைய சித்திரங்களிலேயே இந்த ஸ்டென்சில் இருக்கிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு குகைச் சுவரில் கையின் வடிவம் ஒன்று இருக்கிறது. அது குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என்று 2014-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதை யாரும் வரையவில்லை. பாறையின் மேல் கையை வைத்து, சுற்றிலும் செம்மண் நிறத்தைத் தூவியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நின்றுவிட்டது. டப்பா மூடிகூட இல்லாத காலத்தில் மனிதன் தன் கையையே தகடாக வைத்தான்.

எளிய பொருளில் வெட்டியது எளிய வேலைதான் என்று எண்ணிவிடவும் கூடாது. வட இந்தியாவில் மதுரா, பிருந்தாவனம் பக்கங்களில் ஸாஞ்சி என்று ஒரு கலை உண்டு. காகிதத்தில் கண்ணன் லீலைகளை நுணுக்கமாக வெட்டி, அந்தக் காகிதத்தைத் தரையில் வைத்து வண்ணப் பொடிகளைத் தூவுவார்கள். ஜப்பானில் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கு, காகிதத் தாள்களைப் பச்சைக் காக்கிப் பழத்தின் சாறு தடவி ஒட்டி, உறுதியாக்கி, அதில் கத்தியால் கோலம் வெட்டுகிறார்கள். அந்த வேலைக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய கத்திகள் பலவற்றைத் தாங்களே செய்துகொள்வார்கள். இந்த வெட்டுக் கலையில் தேர்ந்த சிலரை, நாட்டின் பண்பாட்டுச் செல்வத்தைக் காப்பவர்கள் என்று 1955-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசாங்கம் அங்கீகரித்தது. காகிதம் மலிவுதான், அதை வெட்டிய கைக்கு ஒரு தேசமே விலை வைத்தது.

நம் நாட்டிலும் கருவியைப் பற்றி இந்தக் கேள்வியை ஒருவர் ஆழமாக யோசித்திருக்கிறார். மகாத்மா காந்தியை யந்திரத்தின் விரோதி என்றுதான் நாம் சாதாரணமாக நினைக்கிறோம். 1924-ஆம் ஆண்டில் ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டார். பிற்காலத்தில், 1947-இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர் அவர்தான். காந்தியடிகள் அவருக்குச் சொன்ன பதிலில் சிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி ஊசியும் நூலுமாகச் சிரமப்படுவதைப் பார்த்த ஒருவனுடைய அன்பில் அது பிறந்தது என்பது அவர் கருத்து. 1929-இல் மேலான கைராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தது. அதற்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, ஒரு பெண் எட்டு மணி நேரம் அதிகச் சிரமமில்லாமல் அதில் வேலை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது.

அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நூல் எவ்வளவு வரும் என்று கேட்டதோடு நிற்காமல், நூற்பவளின் தோள் வலிக்குமா என்றும் அது கேட்கிறது. நான் தங்கையிடம் அதைக் கேட்கவில்லை. பைசாவைத்தான் கேட்டேன்.

கதை இத்தோடு முடியவில்லை. மாலையில் பிஸ்கட்டுக்குச் சொன்ன அம்மாள் வந்தார். வசதியுள்ளவர், நல்ல மாதிரியும்கூட. யானைகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு பில்லைப் பார்த்தார். மாவுக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கீழே, "அச்சு வெட்டியது" என்று தங்கை ஒரு தொகை போட்டிருந்தாள்.

"இது என்னம்மா? யானை எப்படிப் போட்டேன்னு கேட்டதுக்கு, வீட்டிலே கிடந்த டப்பா மூடிதான்னு சொன்னியே? அதுக்கு எதுக்குக் கூலி?" என்றார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஏனென்றால் அது என்னுடைய குரல். காலையில் நான் பாராட்டாகச் சொன்னதை அவர் மாலையில் பேரமாகச் சொன்னார். வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. "செலவில்லாமல் செய்துவிட்டாயே" என்று புகழ்கிறவன், "ஆகையால் உனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை" என்று சொல்லும் வழியைத் திறந்துவிடுகிறான். ஏழையின் சாமர்த்தியத்தை ஏழையல்லாதவர்கள் மெச்சும்போதெல்லாம் இந்த அபாயம் இருக்கிறது.

தங்கை கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். யானையின் கண்ணைச் சுட்டி, "இதைப் பாருங்கம்மா. கண்ணைச் சுத்தி முழுசா வெட்டினா உள்ளே இருக்கிற துண்டு கீழே விழுந்துடும். அதனாலே ஓர் ஓரத்திலே மட்டும் மெல்லிசா ஒரு பாலம் விட்டிருக்கேன். காது மடிப்பிலேயும் ரெண்டு விட்டிருக்கேன். நாலு மூடி வீணாப் போனதுக்கு அப்புறம்தான் இது வந்தது" என்றாள்.

அந்த அம்மாள் மூடியை வாங்கி விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு நூல் அகலம்கூட இல்லாத பாலம். அது இல்லாவிட்டால் யானைக்குக் கண் கிடையாது. அவர் மறுபேச்சுப் பேசாமல் பணத்தைக் கொடுத்தார். போகும்போது, "இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். தெரியாமல் போனதற்கு அவரை நான் எப்படிக் குற்றம் சொல்ல முடியும்? அதே அறையில் அரை நாள் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லையே!

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பிராயச்சித்தம் செய்கிறவனைப் போல, "உனக்கு அந்த வெட்டுகிற யந்திரத்தை நான் வாங்கித் தருகிறேன் அம்மா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். வேண்டாம் என்று வீரம் பேசவில்லை. அதுவே எனக்கு மரியாதையாக இருந்தது. "ஆர்டர் இன்னும் ரெண்டு மடங்காச்சுன்னா நானே வாங்கிப்பேன், அண்ணா. அப்போ ராத்திரி தூங்கலாம். இப்போதைக்கு ஒரு நல்ல கத்தியும், கழுத்து வளையற மேஜை விளக்கும் வாங்கிக் கொடுங்க. கண்ணு வலிக்குது" என்றாள்.

"யந்திரம் வந்தால் இந்தக் கைவேலை போய்விடாதா?" என்று நான் கேட்டேன். பழைய கட்சிப் பற்று சுலபமாக விடுகிறதா?

"எங்கே பாலம் விடணும்னு யந்திரத்துக்கு யார் சொல்லிக் கொடுக்கறது?" என்றாள். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த என் மருமகள், "மாமா, அதையும் கம்ப்யூட்டர் தானாகவே செய்யும்" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். குழந்தை சொன்னதும் நிஜம்தான். கோடு மறுபடியும் நகர்ந்துவிட்டது.

ஆகவே கையா கருவியா என்று கட்சி கட்டுவதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் காரியத்தில் மிச்சமான பணம் யாருடைய தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஒன்று. அப்படி எடுத்துக் கொடுக்க அவர் தாமாக முன்வந்தாரா, அல்லது வேறு வழியில்லாமல் கொடுத்தாரா என்பது இன்னொன்று. அம்மா பரண் மேல் கோலக் குழலைப் போட்டது அவளாகச் செய்தது. விடியற்காலையில் குனிந்து புள்ளி வைப்பது அவளுக்குச் சந்தோஷம். அது சிக்கனமல்ல, செல்வம். தங்கை இரவு ஒரு மணி வரையில் கண் விழித்ததில் பாதி சந்தோஷம், பாதி பணமுடை. அந்த இரண்டாவது பாதியைப் பார்த்துக் கைதட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை. அதைக் குறைப்பதற்கு வேண்டுமானால் ஒரு மேஜை விளக்கு வாங்கலாம்.

மறுநாள் காலையில் கடை வீதிக்குப் போய் வாங்கி வந்தேன். விலை சற்று அதிகம்தான்.