விலையில்லாத் தண்ணீர்

கோடை விடுமுறை என்பது நம் இல்லங்களில் பெரும்பாலும் யாத்திரைக் காலமாகும். திருமலை, பொன்னூர், மேல்சித்தாமூர், சிரவணபெளகொளா எனக் குடும்பத்தோடு சென்று வணங்கித் திரும்புவது நம்மவர் வழக்கம். சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் எமக்கு வாய்த்ததோ முற்றிலும் வேறு வகையான பயணம். அமெரிக்க நாட்டின் மினியாபோலிஸ் நகரில் வாழும் எம் மகள், மாப்பிள்ளை, பதினாறு வயதுப் பேரன், ஒன்பது வயதுப் பேத்தி ஆகியோருடன் காரில் ஐந்து நாள் சுற்றி வந்தோம். வழியில் கோயிலும் இல்லை, குளமும் இல்லை. நெடுஞ்சாலை ஓரங்களில், போவோர் வருவோர் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட விந்தைகளைக் கண்டு செல்வது அந்நாட்டுக் குடும்பங்களின் நெடுநாளைய பழக்கமாம். புளியஞ்சாதமும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

விளையாட்டாகத் தொடங்கிய அப்பயணம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒரு வினாவை மீண்டும் எழுப்பியது. ஆதாயம் கருதிச் செய்யும் ஈகை ஈகையாகுமா? இவ்வினாவை அன்பார்ந்த வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், குழந்தைகளின் விருப்பப்படி, 1992 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘மால் ஆஃப் அமெரிக்கா’ என்னும் பேரங்காடிக்குச் சென்றோம். அதன் நடுவே, கண்ணாடிக் கூரையின் கீழ், இராட்டினங்களும் தலைகீழாய்ச் சுழலும் ஊர்திகளும் நிறைந்த கேளிக்கைப் பூங்கா ஒன்று உள்ளது. அங்காடிக்குள் நுழைய எவரும் காசு கேட்பதில்லை. ஊர்தியில் ஏறத்தான் காசு. சுழலும் ஊர்திகளைக் கண்ணால் கண்டபின் எந்தக் குழந்தை ஏறாமல் திரும்பும்? கதவைத் திறந்து வைத்தது அன்பினால் அன்று என்பது எமக்கு எளிதில் விளங்கியது.

மறுநாள் காலை தொண்ணூறாம் எண் நெடுஞ்சாலையில் ‘புளூ எர்த்’ என்னும் சிற்றூரை அடைந்தோம். அங்கே ஐம்பத்தைந்தரை அடி உயரத்தில் பச்சை நிறத்து மாமனிதன் ஒருவன் இடுப்பில் கைவைத்துப் புன்னகையோடு நிற்கிறான். பட்டாணியும் சோளமும் டப்பாக்களில் அடைத்து விற்கும் நிறுவனத்தின் சின்னம் அவன். 1970களின் இறுதியில், புதிய நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் பயணிகள் தம் ஊரை மறந்துவிடக் கூடாதே என்னும் கவலையால் ஊரார் அவனை நிறுத்தினர். பேத்தி அவன் பாதங்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தாள். எமக்கோ ஏறக்குறைய அதே உயரமுடைய மற்றொரு திருவுரு நினைவுக்கு வந்தது. சிரவணபெளகொளாவின் கோமடேசுவரர் ஐம்பத்தேழு அடி உயரம் உடையவர். யாவற்றையும் துறந்து நின்றமையால் அவர் உயர்ந்தார். பட்டாணி விற்பதற்காக இவன் உயர்ந்தான். உயரத்தை அளக்கும் கோல் உள்ளத்தை அளப்பதில்லை என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்து மிட்செல் என்னும் ஊரிலுள்ள சோள மாளிகை. 1892 ஆம் ஆண்டு முதன்முதல் கட்டப்பட்டு, 1921 ஆம் ஆண்டு இன்றைய கட்டடமாக எழுந்தது. வெவ்வேறு நிறமுடைய சோளக் கதிர்களை அறுத்து, ஆணியடித்துப் பொருத்தி, சுவர் முழுதும் பெரும் ஓவியங்கள் அமைக்கின்றனர். டகோட்டா பழங்குடியைச் சேர்ந்த ஆஸ்கர் ஹவ் என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1948 முதல் 1971 வரை இவற்றிற்கு வடிவம் வரைந்து தந்தவர். எங்கள் நிலம் எத்துணை வளமானது பாருங்கள், இங்கே வந்து குடியேறுங்கள் என உலகுக்கு அறிவிப்பதே முதலில் இம்மாளிகையின் நோக்கமாக இருந்தது.

உண்ணும் பொருளைச் சுவரில் அறைவதா என்று முதலில் மனம் சுருங்கியது. சற்று நேரம் நின்று பார்த்தோம். குருவிகள் வந்து ஓவியத்தைக் கொத்தித் தின்றவண்ணம் இருந்தன. எவரும் அவற்றை விரட்டவில்லை. நம் பாட்டிமார் பச்சரிசி மாவினால் வாசலில் கோலமிட்டதும், எறும்புகள் அதனை இழுத்துச் சென்றதும் கண்முன் தோன்றின. கோலம் வீட்டுக்கு அழகு, எறும்புக்கோ உணவு. அழகுக்காக இட்டாள் என்பதனால் எறும்பின் வயிறு நிறையாமல் போயிற்றா?

மிட்செலைக் கடந்தபின் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவுக்குப் புல்வெளிதான். அப்புல்வெளியில் இடைவிடாது அறிவிப்புப் பலகைகள். ‘வால் டிரக்’ என்னும் கடையில் குளிர்ந்த நீர் இலவசம் என அவை கூறுகின்றன. அக்கடையின் வரலாற்றை மகள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டெட் ஹஸ்டெட் என்னும் இளம் மருந்தாளுநரும் அவர் மனைவி டாரதியும் 1931 ஆம் ஆண்டின் இறுதியில் வால் என்னும் அச்சிற்றூரில் ஒரு மருந்துக்கடையை வாங்கினர். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். அதனோடு வறட்சி வேறு. ஐந்தாண்டுகள் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தனர். ஐந்தாம் ஆண்டும் வந்தது, வாடிக்கையாளர் வரவில்லை. 1936 ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் நடுப்பகுதி முழுதும் வரலாறு காணாத வெப்பம் தகித்தது. ஒரு ஞாயிறு நண்பகலில் குழந்தையோடு உறங்க முயன்ற டாரதிக்கு, சாலையில் ஓடும் கார்களின் இரைச்சலால் உறக்கம் வரவில்லை. அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் உதித்தது. இவ்வளவு பேர் இந்த வெயிலில் செல்கின்றனரே, இவர்களுக்கு வேண்டியது யாது? குளிர்ந்த நீர் அல்லவா? கார்களில் குளிரூட்டும் கருவி இல்லாத காலம் அது. கணவர் பலகைகள் எழுதிச் சாலையோரம் நட்டுவிட்டுத் திரும்புமுன்பே கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இன்று ஆண்டுதோறும் ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் அங்கு வருகின்றனர். ஊர் எல்லையில் எண்பது அடி நீளமுள்ள டைனோசர் உருவம் வரவேற்கிறது. தண்ணீர் இன்றும் இலவசம். காப்பி ஐந்து சென்ட்.

கதை முடிந்ததும் பேரன் சிரித்தான். “பாட்டி, இது தருமம் இல்லை. வெறும் விளம்பரம். தண்ணீர் கொடுத்தால் கடைக்கு வருவார்கள், வந்தால் எதையாவது வாங்குவார்கள், அவ்வளவுதான்” என்றான்.

நாம் வாய் திறக்கவில்லை. அவன் கூறியதையே வேறு சொற்களால் வேறொருவரிடம் நாமே ஒருமுறை கூறியிருக்கிறோம்.

வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரின் சாலை முனையில் எம் தந்தையார் மளிகைக் கடை வைத்திருந்தார். பங்குனி பிறந்ததும் கடை வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் எழும்பும். மணல் பரப்பி, அதன்மேல் இரண்டு பெரிய மண்பானைகள்; உள்ளே வெட்டிவேர்; மூடியின்மேல் ஒரு பித்தளைச் சொம்பு. வண்டியோட்டிகளும் சுமை தூக்கிச் செல்வோரும் நின்று பருகுவர். அவர்களுள் சிலர் கடையில் பொட்டலம் வெல்லமோ புகையிலையோ வாங்கிச் செல்வதும் உண்டு.

1972 ஆம் ஆண்டு, எமக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சியின் முதலாண்டை முடித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்தோம். செயல் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஊக்கம் உண்டு என்று உளவியல் பாடத்தில் படித்திருந்த செருக்கு. பயனை வேண்டிச் செய்யும் நற்செயலில் ‘நிதானம்’ என்னும் முள் தைத்திருக்கும் என்று நம் ஆகமம் கூறுவதையும் கேட்டிருந்தோம். இரண்டையும் சேர்த்துக்கொண்டு, கடையில் நாலு பேர் நிற்கும்போதே, “இது தருமம் இல்லை அப்பா, தூண்டில்” என்றோம்.

அவர் சினக்கவில்லை. “அப்படியாம்மா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த பங்குனியில் பந்தல் எழவில்லை. அன்னையாரிடம் காரணம் கேட்டோம். “படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார்” என்றார். விறகுச் சுமையோடு வந்த மூதாட்டி ஒருத்தி, மணல் கிடந்த இடத்தைப் பார்த்து, “இந்த வருஷம் தண்ணி இல்லையா?” என்று கேட்டுவிட்டு நடந்தாள். பந்தல் இல்லாமலே மூன்று கோடைகள் கழிந்தன. நான்காவது கோடைக்குத் தந்தையார் இல்லை.

இப்பொழுது வினாவுக்கு வருவோம். அன்று நாம் கூறியது பொய்யா? பொய் என்று கூறிவிட முடியாது. பந்தலால் கடைக்குச் சிறிது வாணிகம் நடந்தது உண்மை. அது அவருக்குத் தெரியாமலும் இருந்திராது. மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசாதவன் என ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாராட்டுகிறார். அவ்வாறு பாராட்டத்தக்க தூய ஈகை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உயர்ந்தது ஒன்று உண்டு என்பதனால் அதற்குக் குறைந்தன யாவும் தூண்டில் ஆகிவிடுமா? ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு ‘இஃது இதுவே’ என்று அறுதியிடலாகாது என்பது நம் அநேகாந்தம் கற்பிக்கும் பாடம். அதனைப் பொருள்களுக்குப் பொருத்திப் பார்க்கும் நாம், மனிதரின் நோக்கங்களுக்குப் பொருத்திப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

ஈகையையும் தூண்டிலையும் பிரித்தறிய இரண்டு சோதனைகள் உண்டு என்று எமக்குத் தோன்றுகிறது.

முதலாவது, ஒன்றும் வாங்க இயலாதவனுக்கும் அது கிடைக்கிறதா என்பது. தூண்டிலில் உள்ள புழு, மாட்டிக்கொள்ளும் மீனுக்கு மட்டுமே உரியது. வால் ஊரின் கடையில் நாங்கள் ஐவரும் வயிறு நிறையக் குளிர்ந்த நீர் பருகினோம், சீசாக்களிலும் நிரப்பிக்கொண்டோம். வேண்டுமென்றே ஒரு காசுக்கும் பொருள் வாங்காமல் வெளியே வந்தோம். எவரும் எம்மை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேளிக்கைப் பூங்காவிலோ காசில்லாக் குழந்தைக்குக் கிடைப்பது ஏக்கம் மட்டுமே. இரண்டுமே வாணிகந்தான், எனினும் ஒன்றில் ஈகை கலந்திருக்கிறது, மற்றொன்றில் இல்லை. எம் தந்தையாரின் பானையில் மிகுதியாக நீர் பருகியவர்கள், கடையில் எதையும் வாங்க வழியற்ற விறகுச் சுமைக்காரர்களே.

இரண்டாவது, எவர் கண்ணுக்கும் படாத பகுதியில் கொடுப்பவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது. விடியுமுன் எழுந்து கிணற்றில் நீர் இறைத்து, இரட்டை மடிப்புத் துணியால் வடிகட்டுவது தந்தையாரின் வழக்கம். வடித்த துணியை அப்படியே உதறிவிட மாட்டார். அதில் தங்கிய நுண்ணுயிர்கள் மாளாதவாறு, துணியைப் புரட்டி, நீர்விட்டு அலசி, அந்நீரை அதே கிணற்றில் மெல்ல இறக்குவார். இருளில் செய்த இச்செயலை எந்த வாடிக்கையாளரும் கண்டதில்லை. இதனால் ஒரு பொட்டலம் வெல்லம்கூட அதிகமாக விற்றிருக்காது. பத்தொன்பது வயதில் நாம் பானையையும் கல்லாப்பெட்டியையும் கண்டோம். கிணற்றடியையும் நாள்தோறும் கண்டிருந்தோம். கண்டும் அதனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவ்வாறாயின் கொடுப்பவர் தம் பெயரைப் பறைசாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கக்கூடும். கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்து, அதன்மீதே உபயம் இன்னார் எனக் கொட்டை எழுத்தில் எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்துவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். பெயர் எழுதியது குற்றமில்லை. வெளிச்சத்தை மறைத்ததே குற்றம். கொடுப்பவரின் ஆதாயம் பெறுபவரின் பங்கைத் தின்னத் தொடங்கும் இடத்தில் ஈகை குறையத் தொடங்குகிறது. அவ்விடத்தைக் கொடுப்பவர் தமக்குத் தாமே காண வேண்டும். அடுத்தவரின் உள்ளத்துள் புகுந்து நோக்கத்தை நிறுத்துப் பார்க்கும் உரிமையை எடுத்துக்கொண்டால் யாது நிகழும் என்பதற்கு எம் வீட்டு வாசலே சான்று. நோக்கத்தின் மாசு நீங்கியதோ இல்லையோ, பானை நீங்கியது. எம் சொல்லால் நொந்தவர் தந்தையார். தாகத்தோடு நடந்தவளோ அம்மூதாட்டி.

பிறர் ஈகையின் நோக்கத்தில் குற்றம் காண முற்படுமுன், இதனால் எவருக்குத் தண்ணீர் இல்லாமல் போகும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. நம் சொந்த ஈகையில் மட்டும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் குற்றம் காண்போமாக.

இவற்றையெல்லாம் அன்றிரவு விடுதியில் பேரனிடம் கூறினோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், “அப்புறம் நீங்கள் எப்போதாவது பந்தல் போட்டீர்களா, பாட்டி?” என்று கேட்டான். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் ஈகையைப் பற்றிப் பாடம் நடத்திய எமக்கு, அவ்வினாவுக்கு விடை கூற நா எழவில்லை.

இவ்வாண்டு பங்குனியில் எம் வீட்டு வாயிலில் ஒரு மண்பானை வைத்தோம். விடியுமுன் எழுந்து நீரை வடிகட்டுகிறோம். முழங்கால் வலியால் குனிய இயலாதபோது பக்கத்து வீட்டுப் பெண் துணியை அலசிக் கிணற்றில் இறக்கித் தருகிறாள். எம் மனத்தின் பாரம் குறைய வேண்டும் என்பதற்காகவும் அப்பானையை வைத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதுவும் ஓர் ஆதாயமே. அஞ்சல்காரரும் கீரை விற்கும் அம்மாளும் நின்று பருகிச் செல்கின்றனர். எதற்காக வைத்தீர்கள் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை.