முழுமைக்காக ஒரு பகுதி

நமக்கு நெடுநாள் பழக்கமான ஆசிரியை ஒருவர் இருக்கிறார். காவிரிக் கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்தவர். அவருக்கு வயது 46. உயரம் 155 சென்டிமீட்டர். எடை 112 கிலோ. பத்தாண்டுகளாக நீரிழிவு நோய் அவரை வாட்டுகிறது. மூட்டுவலியால் திருப்பலியில் முழங்காலிட இயலாமல், கடைசி வரிசை நாற்காலியில் அமர்ந்துவிடுவார். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றும் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வது நல்லது என்று அவர்கள் சொல்ல, முடிவெடுக்க அவருக்கு நான்கு மாதங்கள் ஆயின.

அந்த நான்கு மாதங்களும் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. “ஒருசந்தியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் போதாதா? இதற்குக் கத்தி எதற்கு?” என்றார் மாமியார். “மகள் கலியாணத்துக்குள் இளைத்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும், அக்கா!” என்றாள் தங்கை. ஒரு மாலைப்பொழுதில் நம்மிடம் வந்த ஆசிரியை, மூன்று கேள்விகளை முன்வைத்தார். “போசனப்பிரியம் ஏழு தலையான பாவங்களுள் ஒன்று என்று சிறு வயதிலேயே படித்தோம். என் பாவத்தின் பயனை மருத்துவமனையில் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளலாமா? இறைவன் தந்த, நோயில்லாத ஓர் உறுப்பை வெட்டி எறியலாமா? செய்துகொள்ளாமலே இருந்து நான் இறந்துபோனால் அது குற்றமாகுமா?”

அன்று நம்மால் விடை சொல்ல இயலவில்லை. ஆயினும் அக்கேள்விகள் நம்மை விடவில்லை. அவரைப் போன்றோர் நம் பங்குகளில் பலர் இருக்கிறார்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்துப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் நால்வர் மிகை எடை உடையவர்கள். ஆகவே அம்மூன்று கேள்விகளையும் வாசகரோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

முதற்கேள்வி பாவத்தைப் பற்றியது. போசனப்பிரியம் என்றால் என்ன? புனித பெரிய கிரகோரியாரைப் பின்பற்றி, புனித தோமா அக்குவினார் அதன் ஐந்து வடிவங்களை எடுத்துரைத்தார்: வேளைக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, மிகுதியாக உண்பது, பேராவலோடு விழுங்குவது, பக்குவத்தில் அளவுமீறிய நுணுக்கம் தேடுவது. இந்த ஐந்தில் உடலின் எடை இல்லை என்பதைக் கவனிப்போம். ஒல்லியான ஒருவர், குழம்பில் உப்புக் குறைந்ததென்று மனைவியைக் கண்ணீர் விடச் செய்தால், அவரும் அப்பட்டியலுக்குள் வந்துவிடுகிறார். பருத்த உடலுடைய ஒருவர் அளவோடும் நன்றியோடும் உண்பவராக இருக்கலாம். அக்குவினாரே பருத்த உடலினர் என்றுதான் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன.

அறிவியலும் இங்கே நம் அவசரத் தீர்ப்புகளைத் தடுக்கிறது. கொழுப்புத் திசுவில் சுரந்து, உடலின் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர் 1994இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999இல் கண்டறியப்பட்டது. ஒருவர் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால், உடல் அதைப் பஞ்சகாலம் என்று எண்ணிக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, சக்தியைச் செலவிடுவதைக் குறைக்கிறது. தவக்காலத்தில் குறைந்த எடை, உயிர்ப்புப் பெருவிழா கழிந்து சில மாதங்களில் திரும்பிவிடுவதற்கு மன உறுதிக் குறைவு மட்டுமே காரணம் அன்று. பரம்பரை, உறக்கம், உட்கொள்ளும் மருந்துகள், நடந்து சென்ற தெருக்களில் இன்று வண்டியில் செல்லும் வாழ்க்கை என்று பல இழைகள் இதில் பின்னிக் கிடக்கின்றன. நம் உணவுப் பழக்கத்திற்கும் அதில் பங்குண்டு. அதை மறுப்பது உண்மையாகாது. எனினும் ஒருவருடைய எடையைப் பார்த்து அவருடைய ஆன்மாவை நிறுக்கும் தராசு நம் கையில் தரப்படவில்லை.

இரண்டாம் கேள்வி கடினமானது. இச்சிகிச்சைகளில் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது, இரைப்பையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய் போல் தைத்துவிடும் முறை. வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. மற்றொரு முறையில், இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை அமைத்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். வெட்டப்படும் இரைப்பை புண்பட்டதும் அன்று, புற்று வந்ததும் அன்று. பின் எந்த உரிமையில் அதை வெட்டுவது?

1953ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், இத்தாலியச் சிறுநீரக மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தகைய கேள்விக்கே விடையளித்தார். வெட்டப்படும் உறுப்பு தானே நோயுற்றிருக்க வேண்டும் என்பது தீர்க்கமான நிபந்தனை அன்று. உறுப்புகள் முழு உடலுக்காகவே இருக்கின்றன என்பது அவர் போதனையின் சாரம். அதற்கு அவர் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். அவ்வுறுப்பு இருப்பதோ இயங்குவதோ முழு உடலுக்குக் கடுந்தீங்கு அல்லது அச்சுறுத்தல் விளைக்க வேண்டும். அத்தீங்கை வேறு வழியால் தவிர்க்கவோ கணிசமாகக் குறைக்கவோ இயலாதிருக்க வேண்டும். அறுவையின் பயனும் உறுதிப்பட்டிருக்க வேண்டும். இழப்பைவிட நன்மை மிகும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிய வேண்டும்.

இந்த உரைகல்லில் ஆசிரியையின் நிலையைத் தேய்த்துப் பார்ப்போம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் காணும் உடல் நிறை எண் அவருக்கு 46ஐத் தாண்டுகிறது. 40க்கு மேற்பட்டோருக்கும், கடும் துணைநோய்களோடு 35க்கு மேற்பட்டோருக்கும் இச்சிகிச்சை பொருந்தும் என்று 1991இல் அமெரிக்க வல்லுநர் குழு வகுத்தது. 2022இல் அறுவை மருத்துவர்களின் சங்கங்கள் அவ்வரம்பைத் தளர்த்தி, ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இதைக் கருதலாம் என்றன. எப்படி அளந்தாலும் அவருக்குள்ள தீங்கு கற்பனை அன்று.

வேறு வழி உண்டா? இக்கேள்வி இன்று முன்னிலும் கூர்மையாகியிருக்கிறது. செமாகுளுடைடு என்னும் ஊசி மருந்தை 2021இலும், டிர்செபடைடை 2023இலும் எடைக் குறைப்புக்கென அமெரிக்க மருந்து நிர்வாகம் ஏற்றது. இவை பலருக்கு நற்பயன் அளிக்கின்றன. ஆயினும் மருந்தை நிறுத்தினால் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்புவதை ஆய்வுகள் காட்டின. ஆண்டுக்கணக்கில் வாங்கும் வசதியும் எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை. எனவே கத்தியை நாடுமுன், உணவு, நடை, மருந்து ஆகியவற்றை நேர்மையாக முயன்றோமா என்று கேட்பது கடமை. முயன்றும் பயனில்லையெனில் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

நன்மை இழப்பை விஞ்சுமா? சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய பேராய்வு ஒன்றில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், செய்துகொள்ளாத 2,037 பேரையும் சராசரியாக ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி முன்னவரில் 101 பேரும் பின்னவரில் 129 பேரும் இறந்திருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த மற்றோர் ஆய்வும், அறுவை செய்துகொண்டவர்களிடையே சர்க்கரை, இதய நோய், புற்று ஆகியவற்றால் நேர்ந்த சாவுகள் குறைந்ததைக் காட்டியது. ஆனால் விபத்தாலும் தற்கொலையாலும் நேர்ந்த சாவுகள் அவர்களிடையே கூடுதலாக இருந்தன. இவ்வுண்மையை நாம் அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. வயிறு சுருங்கினால் வாழ்வின் துயரமெல்லாம் சுருங்கிவிடும் என்று நம்பி மேசையில் படுப்பவர், எழுந்தபின் அத்துயரம் அங்கேயே காத்திருக்கக் காணலாம்.

இழப்புகளும் உண்டு. தையல் கசிவு, இரத்தக்கட்டு, அரிதாக உயிரிழப்பும் நேரலாம். வாழ்நாள் முழுதும் வைட்டமின்களும் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உட்கொள்ள வேண்டும். சிறுகச் சிறுக, மென்று, நிதானமாக உண்ண வேண்டும். கவனம் தவறினால் சிலருக்கு எடை மீண்டும் ஏறுகிறது. “இது சோம்பேறிகளின் குறுக்குவழி” என்று பேசுவோர் இதை அறிவதில்லை. அறுவை மட்டான உணவைக் கற்றுத் தருவதில்லை. அது கற்பதற்கு ஓர் அவகாசத்தைத் தருகிறது. அளவறிந்து உண்பதை வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

மூன்றாம் கேள்வி கடமையைப் பற்றியது. 1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் மயக்க மருத்துவர்களிடம் பேசிய அதே திருத்தந்தை, உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே நாம் கடமைப்பட்டுள்ளோம். தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளுக்கு எவரும் கட்டுப்பட்டவர் அல்லர் என்றார். பெரும் பணமும் அபாயமும் வாழ்நாள் ஒழுங்கும் கோரும் இச்சிகிச்சையை ஒருவர் மீது கட்டாயமாகச் சுமத்த இயலாது என்றே நமக்குத் தோன்றுகிறது. எனவே செய்துகொள்பவர் இறைவனின் கொடையை அவமதிக்கவில்லை. மறுப்பவர் தம் உயிரைக் கைவிடவும் இல்லை. மருத்துவரிடம் உண்மையைக் கேட்டறிந்து, செபத்தில் அமர்ந்து, மனச்சான்றின்படி அவரே முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் நாம் அஞ்ச வேண்டியது எதற்கு? நம் எண்ணத்தில், வெட்கத்திற்கு. சிலரை வெட்கம் அறுவைக்கு விரட்டுகிறது: கலியாணப் புகைப்படம், உறவினரின் கேலி, ‘குண்டு டீச்சர்’ என்று சுவரில் எழுதிய மாணவன். வேறு சிலரை அதே வெட்கம் அறுவையிலிருந்து தடுக்கிறது: பெருந்தீனிக்காரி என்று ஊர் சொல்லுமே, வாயைக் கட்ட முடியாதவள் என்று மாமியார் சொல்வாரே என்னும் அச்சம். இருவரும் தம் உடலைப் பற்றிப் பிறர் சொன்ன சொல்லுக்கே பணிகிறார்கள். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உயிரும் உடல்நலமும் இறைவன் ஒப்படைத்த அரிய கொடைகள் என்று கூறுகிறது. அடுத்தே, உடலை வழிபாட்டுப் பொருளாக்குவதையும் கண்டிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர், “நான் அழகாவேனா?” என்ற கேள்வியை ஒதுக்கி, “என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பணியை இன்னும் சில ஆண்டுகள் செய்ய இது உதவுமா?” என்று கேட்பார்.

சுற்றியிருக்கும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. பங்குத் திருவிழா விருந்தில் “இன்னும் ஒரு கரண்டி” என்று வற்புறுத்துகிறோம். உண்டு எழுந்தபின் அவர் உடலைக் கண்டு நகைக்கிறோம். ஒருவருடைய இரைப்பையை மருத்துவர் மாற்றலாம். வீட்டு அடுப்பையும் விருந்து வழக்கத்தையும் நாவையும் நாம்தான் மாற்ற வேண்டும்.

ஆசிரியை, தம் கணவரோடும் மருத்துவரோடும் பலமுறை கலந்து பேசி, இறுதியில் அறுவை செய்துகொண்டார். அதே ஊரில், ஏறத்தாழ அதே நிலையில் இருந்த இன்னொரு பெண்மணி வேண்டாம் என்று முடிவெடுத்து, மருந்தோடும் மாலை நடையோடும் நாட்களைக் கழிக்கிறார். இருவரையும் நாம் மதிக்கிறோம்.

ஓராண்டு கழித்து, ஆசிரியையின் இளைய மகனின் புதுநன்மை விருந்துக்குச் சென்றிருந்தோம். உறவினர் ஒருவர் அவர் இலையில் பிரியாணியைக் குவிக்கப் போனார். “என் மருமகளுக்கு அவ்வளவு போதும் தம்பி” என்று கரண்டியைத் தடுத்தவர், அன்று ஒருசந்தியைப் பற்றிப் பேசிய அதே மாமியார்தான். ஆசிரியை அந்தச் சிறிதளவு உணவை நிதானமாக, மென்று உண்டார். அவர் முகத்தில் வெட்கம் இல்லை.