யாருடைய சம்பளம்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று தேடுவான். சமீபத்தில் ஓசூரில் எனக்கு அந்த வியாதி முற்றிவிட்டது!

சிப்காட் பக்கம், ஷிஃப்ட் முடியும் நேரம். கம்பெனி பஸ்களிலிருந்து சாரைசாரையாக இளம்பெண்கள் இறங்குகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து காதில் விழுகிறது. ஒரு பெண் தோழியிடம் சொன்னாள்: ‘‘முதல் சம்பளத்தை ஏ.டி.எம்-ல எடுத்து அப்படியே அம்மாகிட்ட கொடுத்துட்டேன்டீ. என் கையால!’’

மறுநாள் கிருஷ்ணகிரியில் நான் சந்தித்தவர், தன் சம்பளத்தைக் கையால் தொட்டே பார்க்காதவர். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கன்னியாஸ்திரி. அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. வாங்கியது அரசுச் சம்பளம்தான். ஆனால், ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் என்பதால் மொத்தமும் சபைக்குப் போய்விட்டது.

இந்தச் சம்பளம் யாருடையது?

கேள்வி என்னுடையது அல்ல. சுப்ரீம் கோர்ட் வரை போன கேள்வி. 1944-லேயே ஒரு சுற்றறிக்கை, மிஷனரிகள் தங்கள் சபைக்குக் கொடுத்துவிடும் வருமானத்துக்கு வரி இல்லை என்றது. 2014 இறுதியில் சம்பளத்திலேயே வரி பிடிக்க ஆரம்பித்தார்கள். ‘துறவு பூண்டவர் உலகக் கணக்கில் இறந்தவருக்குச் சமம். அது அவர் பணமே இல்லை’ என்று சபைகள் வாதாடின. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரி உண்டு என்றது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது. பணம் முதலில் அவருக்குத்தான் வருகிறது. கொடுப்பது அப்புறம்தான் என்பது சட்டத்தின் பார்வை.

‘‘வருத்தமா சிஸ்டர்?’’ என்றேன்.

சிரித்தார். ‘‘கையெழுத்துப் போட்ட ஒரு நாளும் அது என் பணம்னு தோணினதில்ல தம்பி. கோர்ட்டுதான் என்னுதுன்னு சொல்லுது. அப்போ, நான்தான் கொடுத்திருக்கேன்னும் ஆகுதில்ல?’’

வாயடைத்துப் போனேன். சொந்தமாக ஒன்று இருந்தால்தானே அதைக் கொடுக்க முடியும்? செத்தவர் எப்படித் தியாகம் செய்வார்? வரி போட்ட தீர்ப்பு, தெரியாமலே அந்தத் தியாகத்துக்கு ரசீதும் கொடுத்துவிட்டது!

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1842-ல் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தார்கள் பிரசன்டேஷன் கன்னியர். 1844-ல் புதுச்சேரியில் துப்யுயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், பெண் குழந்தைகளுக்குக் கற்பிக்கவே ஒரு கன்னியர் சபை தொடங்கினார். ‘பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?’ என்று ஊர் கேட்ட காலம். அப்புறம் 1923-ல் திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி, 1947-ல் சென்னை ஸ்டெல்லா மாரிஸ்.

எல்லாமே வரவு இல்லை. தமிழில் பேசியதற்கு கான்வென்ட்டில் அபராதம் கட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு. அது பற்றுப் பக்கத்தில் இருக்கட்டும். மறைக்க வேண்டாம்.

கணக்கியலில் ஒரு விதி: நற்பெயரை விலைகொடுத்து வாங்கினால்தான் சொத்தாகக் காட்டலாம். நீங்களே உழைத்துச் சம்பாதித்த நற்பெயருக்கு ஐந்தொகையில் இடமில்லை. பிள்ளை இல்லை, வீடு இல்லை, பாஸ்புக் இல்லை. இந்த சிஸ்டரின் சொத்து எந்த ஏட்டில் இருக்கிறது?

கிளம்பும்போது கேட்டேன். ‘‘ஓசூர் பஸ் ஸ்டாண்டுல நின்னா யாராவது ஒருத்தி ‘சிஸ்டர்’னு ஓடி வருவா. எனக்குத்தான் பேர் மறந்துபோகுது’’ என்றார்.

இப்போது துறவு வாழ்க்கைக்கு வரும் இளம்பெண்கள் குறைந்துவருகிறார்கள். அது அவரவர் விருப்பம். குறை சொல்ல முடியாது. ஆனால், அவர்கள் கற்றுக்கொடுத்ததை வைத்துச் சம்பாதிப்பது நாம்தானே?

அந்த பஸ்ஸில் வந்த பெண் தன் பங்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். உங்களுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தவருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி எவ்வளவு? அவர் வாங்கிக்கொள்ள மாட்டார். வேறு யாரிடம் கட்டப்போகிறீர்கள்?